பக்கம் புரளும் சத்தம் மைக்கில் விழாமல்

முதல் நாள் பதிவில் கதையைவிடக் காகிதம்தான் அதிகம் பேசியது.

நூறு வருடத்துக்கு மேல் பழைய ஒரு தமிழ் நாவலை லிப்ரிவாக்ஸுக்காக வாசித்துக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தேன். காப்புரிமைக் காலம் முடிந்த புத்தகங்களைத் தன்னார்வலர்கள் அவரவர் வீட்டிலிருந்தே வாசித்து ஏற்றுகிற இடம் அது, 2005-லிருந்து நடக்கிறது. முதல் அத்தியாயத்தை அச்செடுத்து, பின் அடிக்காமல் தாள் தாளாகப் பிரித்து, வாசித்து முடித்த தாளை மெத்தைமேல் பூப்போல நழுவவிட்டேன். என் காதுக்கு அப்போது ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் ஹெட்போன் மாட்டிக் கேட்டால், ஒவ்வொரு தாளும் அப்பளம் நொறுங்குவதுபோல் இருந்தது.

எனவே திரையில் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். எந்தத் திரை என்று முடிவு செய்ய இரண்டரை மாதம் ஆனது. பாதி நேரம் தேவையில்லாத விஷயங்களைப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் அவ்வளவு நாள். ப்ராசஸர் என்ன, ரேம் எவ்வளவு, கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கடைக்காரர்கள் சொல்வதில் ஒன்றுகூட இந்த வேலைக்கு வேண்டியதில்லை.

என் பதிவறை என்பது படுக்கையறையில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் நாலடி மூலை. இலவம்பஞ்சு மெத்தை இரண்டை நிமிர்த்தி வைத்து, தலைக்கு மேல் குறுக்கே கயிறு கட்டி ஜமுக்காளம் போட்டிருக்கிறேன். இந்த வேலைக்குக் கடையில் விற்கும் ஓரங்குல ஸ்பாஞ்சைவிடப் பழைய மெத்தையே மேல். மெல்லிய ஸ்பாஞ்ச் கீச்சுச் சத்தத்தை மட்டும் விழுங்கும். ஆண்குரலின் அடித்தொனி அதைத் தாண்டிப்போய்ச் சுவரில் பட்டுத் திரும்பிவிடும்.

வணிக ஒலிப்புத்தகங்களுக்கு ஏசிஎக்ஸ் தளம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. பதிவில் தாங்கும் உச்சச் சத்தம் பூஜ்யம், மைனஸ் எண் கூடக்கூட அமைதி. பேசாத இடத்தில் இரைச்சல் மைனஸ் 60 டெசிபெலுக்குக் கீழே இருக்க வேண்டும், குரலின் சராசரி மைனஸ் 23-க்கும் மைனஸ் 18-க்கும் நடுவில் நிற்க வேண்டும், உச்சம் மைனஸ் 3-ஐத் தாண்டக் கூடாது. லிப்ரிவாக்ஸ் அவ்வளவு கறார் இல்லை. ஆனாலும் அந்த 60-ஐ எனக்கு நானே எல்லைக்கோடாக வைத்துக்கொண்டேன்.

லேப்டாப்பை மூலைக்குள் வைத்து அதிலேயே பார்த்து வாசித்தபோது இரைச்சல் அளவு மைனஸ் 51. உள்ளே இருக்கும் குட்டி விசிறிதான் காரணம். ஒரே மாதிரி ஓடினாலாவது பின்னால் துடைத்துவிடலாம்; நாலு நிமிடம் சும்மா இருந்துவிட்டு, கதாநாயகி அழுகிற இடத்தில் சுற்ற ஆரம்பிக்கும். லேப்டாப்பைக் கதவுக்கு வெளியே வைத்து, மைக் கேபிளை மட்டும் கதவுக்கு அடியில் விட்டேன். யூஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பதால் அது ஹாலில் டிவி ஸ்டாண்டுக்கு அருகே குடியேறியது. அளவு மைனஸ் 63-க்கு இறங்கியது. மின்விசிறியை அணைத்துவிட்டு எடுத்த கணக்கு இது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மே மாதம் வேறு.

அடுத்தது செல்போன். சத்தமே கிடையாது, கையில் ஏற்கெனவே இருக்கிறது, செலவும் இல்லை. பத்து நிமிடத்தில் நாக்கு குழற ஆரம்பித்தது.

ஏன் என்று யோசித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. உரக்க வாசிக்கும்போது கண் முன்னால் ஓடும், வாய் பின்னால் வரும். வாய் ஒரு சொல்லைச் சொல்லும்போது கண் சில சொல் தள்ளி மேய்ந்துகொண்டிருக்கும். தமிழில் இது இன்னும் முக்கியம். நமக்கு வினைச்சொல் கடைசியில்தான் வரும். வாக்கியம் ‘வந்தான்’ என்று முடிகிறதா, ‘வந்தானா’ என்று முடிகிறதா, ‘வந்தானாம்’ என்று முடிகிறதா என்பதைப் பார்க்காமல் முதல் சொல்லை எந்தத் தொனியில் எடுப்பது? அதிலும் அந்தக் காலத்து உரைநடையில், போய், பார்த்து, வணங்கி, சொல்லி, கேட்டு என்று வினையெச்சங்களைத் தொடுத்துக்கொண்டே போய் அரைப்பக்கம் கழித்துத்தான் முற்றுப்புள்ளி வைப்பார்கள். செல்போன் திரையில் படிக்கும் அளவில் எழுத்தை வைத்தால் வரிக்கு இரண்டு சொல், மிஞ்சினால் மூன்று. இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு படி இறங்குவதுபோல, அடுத்த படி மட்டும் தெரியும்.

நண்பர் ஒருவரிடமிருந்து காகிதத்தில் அச்சடித்ததுபோல் எழுத்து தெரியும் ஆறு அங்குல இ-இங்க் ரீடர் ஒன்று வாங்கிப் பார்த்தேன். கண்ணுக்கு அதுபோல் சுகம் எதுவும் இல்லை. சத்தமும் துளிகூட இல்லை. ஆனால் பக்கம் மாறும்போது ஒரு கணம் திரை கருத்து வெளுக்கும். மனசுக்குள் படிக்கும்போது அது உறுத்தாது. உரக்க வாசிக்கும்போது, முன்னால் ஓடிக்கொண்டிருக்கும் கண் சுவரில் முட்டி நிற்கிறது. எழுத்தின்மேல் குறி போடவும் அதில் வசதியில்லை. குறி எனக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைக் கீழே சொல்கிறேன். பத்து அங்குலமும் பேனாவும் உள்ள இ-இங்க் கருவிகளும் கிடைக்கின்றன. விலையைப் பார்த்தேன், மூடிவிட்டேன்.

அப்புறம்தான் டேப்லெட்டுக்கு வந்தேன். மச்சான் வீட்டில் பிள்ளைகள் ஆன்லைன் வகுப்புக்கு வாங்கிய 10.1 அங்குல டேப்லெட் ஒன்று சும்மா கிடந்தது. “எடுத்துட்டுப் போங்க மாமா, அது கார்ட்டூன் பாக்கத்தான் ஆகுது” என்றான். திரை நன்றாக இருந்தது, எழுத்து பெரிதாகத் தெரிந்தது. இரண்டு அத்தியாயம் தடையில்லாமல் வாசித்து முடித்தேன். வெட்டி ஒட்ட உட்கார்ந்தபோது, வாக்கியங்களுக்கு நடுவே ஏதோ மெல்லியதாக ரீங்காரமிட்டது. கொசு என்று நினைத்தேன். நான் பதிவு செய்யும் ஆடாசிட்டி மென்பொருளில், ஒலியைச் சுருதிவாரியாகப் படம் போட்டுக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் பார்வைக்கு மாற்றினால், 7 கிலோஹெர்ட்ஸை ஒட்டி நூல் பிடித்ததுபோல் ஒரு கோடு, தொடக்கத்திலிருந்து கடைசிவரை. கொசு அவ்வளவு நேராகப் பறக்காது.

டேப்லெட்டைக் காதோடு ஒட்டிவைத்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். வைஃபை அணைத்தேன், போகவில்லை. வெளிச்சத்தை முழுதாக ஏற்றினேன், போய்விட்டது. முப்பது சதவீதத்துக்கு இறக்கினேன், வந்துவிட்டது. பல எல்சிடி திரைகளில் வெளிச்சத்தைக் குறைப்பதென்றால் பின்விளக்கை நொடிக்கு நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான தடவை அணைத்து ஏற்றுவதுதான். அந்தத் துடிப்பில் உள்ளே இருக்கும் பீங்கான் மின்தேக்கிகளும் சுருள்களும் நுணுக்கமாக அதிரும். முழு வெளிச்சத்தில் அணைத்து ஏற்றும் வேலை இல்லாததால் அதிர்வும் இல்லை. கார்ட்டூன் பார்க்கிற பிள்ளைக்கு இது ஆயுசுக்கும் கேட்காது. பக்கத்திலேயே மைக் வைத்திருப்பவனுக்குத்தான் தலைவலி. முழு வெளிச்சத்திலேயே வாசிக்கலாமே என்றால், மெத்தை சூழ்ந்த இருட்டு மூலையில் அது முகத்தில் ஹெட்லைட் அடிப்பதுபோல் இருக்கிறது.

சரி, வாங்கித்தான் ஆகவேண்டும் என்று முடிவானபோது மூன்றே மூன்று விஷயத்தை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டேன். குறைந்த வெளிச்சத்தில் சத்தம் வரக் கூடாது. திரையின் நீளத்தைவிட அகலம்தான் முக்கியம். பேனாவால் எழுத்தின்மேல் குறி போட வேண்டும்.

அகலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் அங்குலக் கணக்கு ஏமாற்றும். அங்குலம் என்று சொல்வது மூலைக்கு மூலை அளவு. 10.1 அங்குலத் திரை 16:10 விகிதத்தில் இருந்தால், நிமிர்த்திப் பிடிக்கும்போது அகலம் 13.6 சென்டிமீட்டர். 10.2 அங்குலத் திரை 4:3 விகிதத்தில் இருந்தால் 15.5 சென்டிமீட்டர். கடையில் இரண்டும் ஒரே அளவு மாதிரிதான் தெரியும். இருபுறமும் ஒரு சென்டிமீட்டர் ஓரம் விட்டு 18 பாயின்ட் எழுத்தில் போட்டால், முதலாவதில் வரிக்கு நான்கு சொல், இரண்டாவதில் ஐந்து. அந்த ஐந்தாவது சொல்லுக்காகத்தான் இத்தனை அலைச்சலும். ஆண்ட்ராய்டு டேப்லெட்களில் பெரும்பாலானவை படம் பார்ப்பதற்காக 16:10-ஐ ஒட்டி ஒடுக்கமாக வருகின்றன. ஐபேட்கள் ஏறத்தாழ 4:3. எனவே எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதைத் துண்டுச்சீட்டே சொல்லிவிட்டது. புதிதாக வாங்கும் வசதி இல்லை. சென்னையில் மின்னணுச் சாமான்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன்.

ரிச்சி தெருவில் சத்தம் வராத டேப்லெட்டைத் தேடுவது மீன் சந்தையில் மல்லிகை வாசம் பிடிப்பது மாதிரி. ஹாரன், ஸ்பீக்கர் டெஸ்டிங், மேல் மாடியில் டிரில். ஒரு கடையில் பயன்படுத்திய ஐபேட் ஒன்றைக் கையில் வாங்கி, வெளிச்சத்தைக் குறைத்து, முதுகைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“என்ன சார் பண்றீங்க?” என்றார் கடைப்பையன்.

“ஏதாவது சத்தம் வருதான்னு பாக்கறேன் தம்பி.”

“டேப்ல என்ன சார் சத்தம் வரும், டேபிள் ஃபேனா இது?”

எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கவும் வாய்ப்பில்லை. கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம்: 14,000 ரூபாய் கொடுத்துவிடுவது, இரண்டு நாளுக்குள் திருப்பிக் கொடுத்தால் 500 பிடித்துக்கொண்டு மீதி தருவது. இப்படி ஓர் ஏற்பாடு இல்லாமல் இந்த வேலைக்குப் பழைய டேப்லெட் வாங்காதீர்கள். சோதனை உங்கள் வீட்டில், ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான் நடக்க முடியும். டேப்லெட்டை மைக்குக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் வைத்து, வெளிச்சத்தைப் பத்து சதவீதத்திலிருந்து நூறு வரை படிப்படியாக ஏற்றிக்கொண்டே மூன்று நிமிடம் வெறும் மௌனத்தைப் பதிவு செய்தேன். ஸ்பெக்ட்ரோகிராமில் கோடு இல்லை. சார்ஜரைச் செருகி மறுபடி எடுத்தேன், கோடு வந்தது. அடாப்டரின் வேலை அது. அன்றிலிருந்து முழுதாகச் சார்ஜ் ஏற்றி, பிடுங்கிவிட்டுத்தான் உட்காருகிறேன்.

சிம் போடும் வகையைத் தவிர்த்து வைஃபை மட்டும் உள்ளதாக வாங்கினேன். முன்பெல்லாம் அழைப்பு வரும் முன் டேப்ரெக்கார்டர் ஸ்பீக்கரில் ‘டிட்-டிடிட்’ என்று வருமே, ஞாபகம் இருக்கிறதா? 2ஜி போன் நொடிக்கு 217 தடவை துண்டு துண்டாக அலை விடுவதால் வரும் சத்தம் அது. இப்போதைய நெட்வொர்க்கில் அவ்வளவு மோசமில்லை என்றாலும் மைக்கருகே ரேடியோ எதற்கு? என் போனும் பதிவு நேரத்தில் சமையலறைக்குப் போய்விடும்.

இனி எழுத்தை ஏற்றும் வேலை. நாவல் மதுரைத் திட்டத்தில் இருந்தது. 1998 பொங்கலன்று தொடங்கி இத்தனை வருடமாகப் பழைய தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தருகிறார்கள். அவர்கள் இல்லையென்றால் என்னைப் போன்றவர்கள் பாடு திண்டாட்டம்தான். பிடிஎஃப்பை அப்படியே டேப்லெட்டில் திறந்தால் எழுத்து சிறியது, பெருக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடுகிறது. பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினேன். கொம்பும் காலும் இடம் மாறி, ‘கொ’ எல்லாம் சிதைந்துபோய் வந்தது. ஒரு மாலை முழுக்கத் திருத்திவிட்டு, அதே பக்கத்தில் ஹெச்டிஎம்எல், அதாவது இணையப்பக்க வடிவம் இருப்பதைப் பார்த்தேன். முதலிலேயே பார்த்திருக்கலாம். அதிலிருந்து எடுத்தால் ஒரு பிழையும் இல்லை.

லிப்ரே ஆபீஸில் பக்க அளவையே டேப்லெட் திரையின் அளவாக, 15.5-க்கு 20.7 சென்டிமீட்டராக வைத்தேன். நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துரு, 18 பாயின்ட், வரி இடைவெளி ஒன்றரை. தாள் வெள்ளையாக இல்லாமல் பழுப்பு மஞ்சள். பிறகு பக்கம் பக்கமாகப் போய், ஒவ்வொரு பக்கமும் முற்றுப்புள்ளியில் முடிகிற மாதிரி கையால் வெட்டினேன். இந்த ஒரு வேலைக்கு அத்தியாயத்துக்கு இருபது நிமிடம் ஆகிறது, ஆனால் அதற்குப் பிறகு பக்கம் திருப்பும் பெடலும் வேண்டியதில்லை, வேறு எந்தச் சாதனமும் வேண்டியதில்லை. வாக்கியம் முடிகிறது, நிறுத்துகிறேன், விரலால் தள்ளுகிறேன், மூச்செடுக்கிறேன், தொடங்குகிறேன். தள்ளும் சத்தம் மௌனத்துக்குள் விழுவதால் வெட்டியெடுக்க ஒரு நொடி. அரைப்பக்க வாக்கியங்களில் மட்டும் ஒரு வினையெச்சத்தில் வெட்டி, அடுத்த பக்கத்தின் முதல் நாலு சொல்லை இந்தப் பக்கத்தின் அடியில் சாம்பல் நிறத்தில் போட்டுவிடுகிறேன். கண்ணுக்கு வழித்துணை.

குறிக்கு வருகிறேன். தமிழ் எழுத்துக்கு ஒரு குணம் உண்டு: ஒரே ப, ஒரே த, ஒரே க. வடமொழியிலிருந்து வந்த சொற்களில் அது எந்த ஒலி என்பதை வாசிக்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு நாட்டியக் காட்சி. ‘அவள் முகத்தில் தோன்றிய பாவம்’ என்று வருகிறது. முகபாவம், ‘அம்பு’ என்பதில் வருகிற மெல்லிய ஒலி வேண்டும். நான் புண்ணியத்துக்கு எதிரான பாவமாக வாசித்து, போதாததற்குக் குரலில் கொஞ்சம் இரக்கத்தையும் குழைத்திருந்தேன். நாலு நாள் கழித்துக் கேட்டபோது எனக்கே சிரிப்பு. இப்போது முந்தின ராத்திரியே அத்தியாயத்தை மனசுக்குள் ஒருமுறை படித்து, மெல்லொலி வரவேண்டிய எழுத்தின் தலையில் பேனாவால் சிவப்புப் புள்ளி வைக்கிறேன். கொடுக்கிற தானத்துக்குப் புள்ளி. இடம் என்ற பொருளில் வரும் தானத்துக்குப் புள்ளி இல்லை. மூச்செடுக்கும் இடத்தில் சாய்கோடு. யார் பேசுகிறார் என்பது வசனம் முடிந்த பிறகே தெரியவரும் இடங்களில், ஓரத்தில் முன்கூட்டியே முதலெழுத்து. இந்த வசதி இல்லாத எந்தக் கருவியும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், தமிழ் வாசிப்பவருக்கு அரைக்கருவிதான் என்பது என் கட்சி.

வைக்கும் இடத்திலும் இரண்டு தடவை சறுக்கினேன். பாட்டி ராமாயணம் வாசித்த வியாசபீடம் வீட்டில் இருந்தது. ஆசையாக எடுத்து டேப்லெட்டை அதில் வைத்து, தரையில் சம்மணமிட்டு வாசித்தேன். தலை குனிந்தே இருந்ததால் தாடை கழுத்தில் இடித்து, குரல் குடத்துக்குள் போய்விட்டது. பாட்டிக்கு மைக் இல்லை, தெருவுக்கே கேட்கும், அது வேறு. எழுத்து கண்ணுக்கு நேராக இருந்தால்தான் தொண்டை திறக்கும். எனவே மடக்கு மியூசிக் ஸ்டாண்ட் ஒன்று வாங்கி, டேப்லெட்டை முகத்துக்கு நேராக, மைக்குக்குப் பின்னால் நிறுத்தினேன்.

சோறு போட வந்த மனைவி ஹெட்போனைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, “என்னங்க இது, தகர டப்பாவுக்குள்ள உக்காந்து பேசற மாதிரி இருக்கு” என்றாள். உண்மைதான். டேப்லெட் ஒரு கண்ணாடிப் பலகை. குரல் அதில் பட்டுத் திரும்பி மைக்குக்கே வருகிறது. திரும்பி வரும் பாதை நேர்ப்பாதையைவிட 34 சென்டிமீட்டர் நீளம் என்றால் ஒரு மில்லிநொடி தாமதம். அந்தத் தாமதத்தில் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகக் குரலின் சில பகுதிகள் தம்மைத்தாமே அடித்துக்கொண்டு பள்ளமாகிவிடும். சீப்பின் பற்கள் மாதிரி. காதுக்கு அது டப்பா. டேப்லெட்டின் மேல்விளிம்பைப் பின்னால் சாய்த்தேன், கண்ணாடியில் பட்டது மேலே ஜமுக்காளத்துக்குப் போகும்படி. மைக் கார்டியாய்டு வகை, முதுகுப்பக்கம் அதற்குக் காது மந்தம். எனவே டேப்லெட் சரியாக அந்த முதுகுக்கு நேராக வருமாறு மைக்கையும் திருப்பினேன். ஸ்டாண்டின் தகரத் தட்டு சில சொற்களுக்குக் கூடவே முணுமுணுத்தது. அதன்மேல் தடித்த டர்க்கி டவலை மடித்துப் போட்டு, அதற்குமேல் டேப்லெட். டப்பா போய்விட்டது. நானே கேட்டு நம்பாமல் மனைவியை மறுபடி கேட்கச் சொன்னேன். “இப்ப பரவால்ல” என்றாள். எங்கள் வீட்டில் அதற்குமேல் பாராட்டு கிடையாது.

மற்றவை சில்லறை. விமானப் பயன்முறை, தானாகத் திரை அணைவதை நிறுத்தல், தானாக வெளிச்சம் மாறுவதை நிறுத்தல், திரை சுழல்வதைப் பூட்டுதல், தொடும்போது வரும் ‘டிக்’ ஒலியை நிறுத்தல். எல்இடி பல்பையும் அணைத்துவிடுகிறேன். திரையில் அதன் பிம்பம் விழுகிறது, அதற்கு மின்சாரம் தரும் டிரைவர் என்கிற சுற்றும் லேசாக முனகுகிறது. வியர்வை மட்டும் தீராத வழக்கு. விசிறி இல்லாமல் பதினைந்து நிமிடத்தில் விரல் ஈரமாகி, தள்ளினால் பக்கம் நகர்வதில்லை, அல்லது இரண்டு பக்கம் ஒரேயடியாகப் போய்விடுகிறது. மடியில் ஒரு கைக்குட்டை, பக்கம் முடியும்போதெல்லாம் ஒரு துடைப்பு.

குளறினால் முழுதும் முதலிலிருந்து வாசிப்பதில்லை. ஆடாசிட்டியில் 2018-இல் வந்த 2.3 பதிப்பிலிருந்து பஞ்ச் அண்ட் ரோல் வசதி இருக்கிறது. மடியிலிருக்கும் வயர்லெஸ் கீபோர்டில் ஷிஃப்ட்டையும் டி-யையும் சேர்த்துத் தட்டினால், பிழைக்கு முந்தைய சில நொடிகளை ஹெட்போனில் ஓட்டிக்காட்டிவிட்டு அந்த இடத்திலிருந்து புதிதாகப் பதிவாகும். ஆனால் எந்த இடத்திலிருந்து என்று கர்சரை வைக்க லேப்டாப் திரையைப் பார்க்க வேண்டும், அதுவோ ஹாலில். கதவை ஒருக்களித்து எட்டிப் பார்க்கிறேன். இதற்கு அழகான வழி இன்னும் கிடைக்கவில்லை.

போன வாரம் மூன்றாம் அத்தியாயம் முடிந்தது. ஏறத்தாழ 3,600 சொல், வெட்டிய பிறகு 38 நிமிடம். உட்கார்ந்திருந்தது இரண்டு மணி நேரம், அதில் குக்கர் விசிலுக்காகக் காத்திருந்தது பத்து நிமிடம். இரைச்சல் அளவு மைனஸ் 62. காகிதமும் இல்லை, கொசுவும் இல்லை.

நாலாவது அத்தியாயத்தில் ஆசிரியர் நடுநடுவே வெண்பா போட்டிருக்கிறார். கடைசி அடியைத் தவிர அடிக்கு நான்கு சீர். நீளமான சீர்கள் வரும் அடிகளில் 18 பாயின்ட்டில் நாலாவது சீர் அடுத்த வரிக்குத் தள்ளப்படுகிறது, எழுத்தைக் குறைத்தால் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கிறது. பாட்டு வரும் பக்கங்களை மட்டும் திரையைப் படுக்கைவாட்டில் திருப்பி வாசித்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். டவலின்மேல் அது வழுக்காமல் நிற்க ஏதாவது செய்ய வேண்டும்.